11 வயதுக்கும் 14 வயதுக்கும் புதிய நாவல்கள்: எதைக் கொடுக்கலாம்?

இருவர்_அம்மா கேட்டது:

வணக்கம். வீட்டில் இரண்டு பேர். மகளுக்கு 11 வயது. பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட டைரி பாணிப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். படமில்லாத நாவலைக் கொடுத்தால் 20ஆவது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள். மகனுக்கு 14. விளையாட்டும் துப்பறியும் தொடர்களும் பிடிக்கும். முன்பு நன்றாகப் படித்தவன், இப்போது எதை நீட்டினாலும் "இது சின்னப் பசங்க புக்" என்கிறான். சரி என்று பதின்வயதினருக்கான 'யங் அடல்ட்' நாவல்கள் பக்கம் போனால், புரட்டியதெல்லாம் 17, 18 வயதுக்காரர்களின் காதல், போதை, கொலை.

இருவரும் ஆங்கிலம் சரளமாகப் படிப்பார்கள். தமிழ் மகளுக்கு வரும், மகன் மெதுவாகப் படிப்பான். ஏறக்குறைய கடந்த பத்தாண்டுகளில் வந்தவையாகச் சொல்லுங்கள். நாங்கள் சின்ன வயதில் படித்த கிளாசிக்குகள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன, அவை வேண்டாம். பெயரோடு, ஏன் அந்தப் புத்தகம், எந்த இடத்தில் சிக்கல் வரலாம் என்பதையும் எழுதினால் பெரிய உதவி.

நூலகமேசை எழுதியது:

வணக்கம் மேடம். முதலில் மகளைப் பார்ப்போம். அவளுடைய வாசிப்பில் குறை எதுவும் தெரியவில்லை. டைரி பாணிப் புத்தகத்தில் ஒரு பக்கம் அரை நிமிடத்தில் திரும்பிவிடும். முழு எழுத்தாக இருக்கும் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். வேகம் அப்படிச் சட்டென்று விழுந்தால் பிள்ளைகளுக்குக் கதை நகரவே இல்லை என்று தோன்றும். 20ஆவது பக்கத்தில் மூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதைத் தாண்டவைக்க, புத்தகத்தின் கட்டமைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கரு என்ன என்பதை அதற்கு அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுக்கு நான் முதலில் கொடுப்பது பீட்டர் பிரவுனின் 'தி வைல்ட் ரோபாட்' (2016). ஆளில்லாத் தீவில் கரையொதுங்கும் ரோபோ ஒன்று, விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வாழக் கற்றுக்கொள்கிறது. 300 பக்கத்துக்குள் 80 அத்தியாயங்கள், அதாவது ஒவ்வொன்றும் மூன்று நான்கு பக்கம்தான். இடையிடையே கறுப்பு வெள்ளைப் படங்கள் வரும். "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்" என்று சொல்லிச் சொல்லியே பாதியைத் தாண்டிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: ரோபோ தவறி விழுவதில் ஒரு வாத்துக் குடும்பமே இறந்து, ஒரு முட்டை மட்டும் மிஞ்சும் இடம் உண்டு. விலங்குகள் விஷயத்தில் மனசு இளகும் பிள்ளை என்றால் அந்தப் பகுதியைச் சேர்ந்து படியுங்கள். சினிமாவைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. புத்தகத்தின் நடை வேறு, நிதானமானது.

அடுத்து செய்யுள் நாவல். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், சிறு சிறு புதுக்கவிதைகளாகவே கதை முழுவதும் சொல்லப்பட்டிருக்கும். பக்கத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. அதே தடிமனுள்ள உரைநடை நாவலோடு ஒப்பிட்டால் சொற்கள் பாதிகூடத் தேறாது. க்வாமே அலெக்ஸாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' (2014) கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களின் கதை, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குக் கொடுக்கும் நியூபெரி பதக்கத்தை 2015இல் வாங்கியது. உங்கள் பத்தாண்டுக் கணக்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனாலும் இந்த வடிவத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. கடைசிப் பகுதியில் அப்பாவின் மரணம் வருகிறது. குடும்பத்தில் அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று: படக்கதையை நிறுத்திவிட்டு 'நிஜ' நாவல் கொடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' (2019) முழுக்க முழுக்கப் படக்கதை நாவல். நியூபெரி பதக்கம் வாங்கிய முதல் படக்கதை நாவலும் (2020) அதுதான். வசதியான தனியார் பள்ளிக்குப் புதிதாகப் போகும் கறுப்பினச் சிறுவன், அங்கே எந்த மேசையில் உட்காருவது என்பதில் தொடங்கிப் படும் பாடு. இதைப் படிக்கும் பிள்ளை முகபாவத்தையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே படிக்கிறது. அது பிறகு நாவலுக்கும் உதவும்.

இந்த மூன்றும் இறங்கிய பிறகு, முழு எழுத்து நாவலாக எரின் என்ட்ராடா கெல்லியின் 'தி ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங்' (2024). 1999இல், புத்தாயிரம் பிறந்ததும் கணினிகள் எல்லாம் முடங்கிவிடும் என்று பயந்து பொருள் சேர்த்து வைக்கும் 12 வயதுப் பையனின் எதிரில், 2199இலிருந்து ஒரு 16 வயதுப் பையன் வந்து நிற்கிறான். 2025 நியூபெரி. மெலிந்த புத்தகம், கால விளையாட்டு குழப்பாது. எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படும் சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும்.

கடைசிப்பக்கம் எழுதியது:

பையனுக்கு நான் சொல்கிறேன் அக்கா. நீங்கள் பார்த்த பிரச்சினை உண்மையானது. 8 முதல் 12 வரைக்கான நாவல்களில் நாயகன் நாயகிக்கு 12, 13 வயது. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பாத்திரத்தைத்தான் விரும்பிப் படிப்பார்கள், கீழே இறங்கிப் படிக்க மாட்டார்கள். யங் அடல்ட் நாவல்களோ, பெரியவர்களும் வாங்கிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து 17, 18 வயது நாயகர்கள் பக்கம் நகர்ந்துவிட்டன. நடுவில் 13, 14, 15 வயதுக்காரர்களுக்கு அலமாரி மெலிந்துபோயிற்று. எனவே அட்டையில் உள்ள வயது முத்திரையை விட்டுவிட்டு, பின்னட்டையில் முக்கியப் பாத்திரத்தின் வயதைத் தேடுங்கள். 15, 16 என்று இருந்தால் உங்கள் பையனுக்குப் பொருந்தும்.

முதல் புத்தகம், ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017). அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்க இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறான் 15 வயது வில். கீழே போய்ச் சேர அறுபது நொடி. ஒவ்வொரு தளத்திலும், ஏற்கெனவே செத்துப்போன ஒருவர் உள்ளே ஏறுகிறார். இதுவும் செய்யுள் நாவல். ஒரே மாலையில் முடிந்துவிடும், படிப்பை விட்டுவிட்டவனுக்கு 'ஒரு புத்தகம் முடித்தேன்' என்பது அன்றைக்கே கையில் கிடைக்கும். முடிவு திறந்தே விடப்பட்டிருக்கிறது, சுட்டானா இல்லையா என்று ஆசிரியர் சொல்வதில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சரியான விடை என்று ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள். வன்முறை உண்டு, ஆனால் அதில் ரசனை கிடையாது. 14 வயதுக்கு இது தாங்கும் என்பது என் கருத்து. 2020இல் வந்த படக்கதை வடிவமும் இருக்கிறது.

துப்பறிதல் பிடிக்கும் என்றால் ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' (2019). ஊரே முடிந்துபோனது என்று விட்டுவிட்ட கொலை வழக்கை, பள்ளி ப்ராஜெக்ட் என்ற பெயரில் ஒரு மாணவி தோண்டுகிறாள். பேட்டிக் குறிப்பு, குறுஞ்செய்தி, சந்தேகப் பட்டியல் எல்லாம் கோப்பாகவே பக்கத்தில் அச்சாகியிருக்கும். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம், வேகமாக ஓடும். நாயகிக்கு 17. போதைப்பொருள், பாலியல் வன்முறை பற்றிய செய்திகள் வழக்கின் பகுதியாக வருகின்றன. அவற்றைப் பற்றி அவனோடு பேச நீங்கள் தயார் என்றால் கொடுங்கள், இல்லையென்றால் ஓராண்டு கழித்து. மூன்று பாகங்களில் மூன்றாவது மிகவும் இருண்டது. முதல் பாகம் பிடித்துவிட்டதே என்று மூன்றையும் சேர்த்து வாங்கிக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

நீல் ஷஸ்டர்மனின் 'ஸைத்' (2016) விவாதம் செய்யும் பையன்களுக்கானது. நோயும் முதுமையும் ஒழிக்கப்பட்ட உலகம். மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைக்க, சட்டப்படி கொல்லும் பொறுப்பு ஒரு சிறு குழுவுக்கு. அதில் விருப்பமில்லாமலே பயிற்சிக்குச் சேர்க்கப்படும் இரண்டு பதின்வயதினர். 400 பக்கத்துக்கு மேல். இதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள், மூன்றாவதாகக் கொடுங்கள்.

பரிந்துரைப் பட்டியல்களில் அடிக்கடி வரும் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021) அருமையான நாவல், பதின்வயதினர் நூல்களுக்கான அமெரிக்க விருதான பிரின்ட்ஸை 2022இல் பெற்றது. ஆனால் நாயகிக்கு 18. போதைக் கும்பலும் பாலியல் வன்முறையும் கதையின் நடுவிலேயே இருக்கின்றன. 16க்குப் பிறகு.

வரிக்குவரி எழுதியது:

மேலே சொன்ன தலைப்புகளோடு எனக்குச் சண்டை இல்லை. தேர்ந்தெடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம்.

ஐந்து விரல் சோதனை என்று ஒன்று எல்லோரும் சொல்வார்கள்: ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. இந்த வயது நாவலில் பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொற்கள். ஐந்து தெரியாவிட்டால் 2 சதவீதம். கதையைத் துணையின்றிப் புரிந்து படிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வில் கிடைத்த முடிவும். ஆனால் சோதனையை முதல் பக்கத்தில் செய்வது வீண். முதல் பக்கம் ஆசிரியர் அதிகம் இழைத்த பக்கம், புத்தகத்தின் சராசரி நடை அதில் தெரியாது. 30ஆவது பக்கத்தை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று என எடுங்கள். ஃபேன்டஸியில் ஆசிரியர் உருவாக்கிய பெயர்களுக்கு விரல் மடக்கக் கூடாது. அவை எல்லாருக்கும் புதியவைதான்.

புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்று காட்டும் லெக்ஸைல் எண்ணை வைத்து வாங்காதீர்கள். அது வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு புழங்குகின்றன என்பதையும் மட்டும் அளக்கிறது. கரு அதற்குத் தெரியாது. குறுகிய வாக்கியத்தில் எழுதப்பட்ட கனமான நாவலுக்குக் குறைந்த எண் விழும்.

அடுத்தது நேரம். 8 முதல் 12 வயது வரைக்கான இடைநிலை நாவல் பெரும்பாலும் 30,000 முதல் 55,000 சொற்கள். 45,000 என்று வையுங்கள். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கும் பிள்ளைக்கு 300 நிமிடம். தினம் 20 நிமிடம் என்றால் 15 நாள். இங்கேதான் நிறையப் புத்தகங்கள் பாதியில் செத்துப்போகின்றன. 15 நாள் இழுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும். அதனால் முதல் மூன்று நாள் 40 நிமிடம் ஒதுக்குங்கள், விடுமுறையில் தொடங்குவது உத்தமம். மூன்று நாளில் 18,000 சொல், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். அதன் பிறகு 20 நிமிடமே போதும், கதையே இழுத்துக்கொள்ளும். முதல் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் கொடுத்தால் இன்னும் எளிது. பெயர்களின் உச்சரிப்பு, இடம், காலம் எல்லாம் அங்கேயே பிடிபட்டுவிடும். 14 வயதுக்காரன் வெட்கப்பட்டால் ஒலிப்புத்தகத்தில் முதல் அரை மணி நேரம் கேட்கவிட்டு, மீதியை அச்சில் கொடுங்கள்.

முடித்ததும் "கதைச் சுருக்கம் சொல்லு" என்று கேட்பது வாசிப்பைப் பரீட்சையாக்கிவிடும். கேட்டே ஆக வேண்டுமென்றால், "எந்த இடத்தில் அவன் செய்தது தப்பு என்று தோன்றியது?" என்பது போல ஒரே ஒரு கேள்வி. 50 பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடி வைக்க அனுமதி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுமதி இருக்கும்போது கனமான புத்தகத்தையும் துணிந்து எடுப்பார்கள்.

இருவர்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அத்தியாய நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. எல்லாப் புத்தகத்தையும் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க நேரம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று வேகமாகத் தெரிந்துகொள்வது எப்படி? தமிழில் என்ன கொடுக்கலாம்?

நூலகமேசை எழுதியது:

அரை மணி நேரம் போதும் மேடம். முதல் அத்தியாயம், புத்தகத்தின் முக்கால் பங்கை ஒட்டிய 20 பக்கம், கடைசி அத்தியாயம். கனமான காட்சி இருந்தால் அநேகமாக அந்த முக்கால் பங்கில்தான் வரும், நாவல் உச்சத்துக்கு ஏறும் இடம் அது. பின்பக்கத்து ஆசிரியர் குறிப்பையும் படியுங்கள். உண்மைச் சம்பவம், வன்முறை, இழப்பு எதையாவது கையாண்டிருந்தால் அங்கே வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். இப்போது பல பதின்வயது நாவல்களில் முன்பக்கத்திலேயே உள்ளடக்க எச்சரிக்கை அச்சாகிறது.

அமெரிக்க நூல் மதிப்புரை இதழான கிர்கஸின் மதிப்புரை கிடைத்தால் நேராகக் கடைசி வரிக்குப் போங்கள். வகையும் வயதும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் மதிப்புரையில் வகுப்பு வரம்பு போட்டிருப்பார்கள். பதிப்புரிமைப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 'புதியது' என்று அட்டை பளபளத்தாலும் உள்ளே இருப்பது பழைய நாவலின் மறுபதிப்பாக இருக்கலாம். முதல் வெளியீட்டு ஆண்டு அங்கே இருக்கும். அமெரிக்கப் பதிப்புகளில் வயது வரம்பும் பெரும்பாலும் அதே பக்கத்தில் கிடைக்கும்.

பதக்க முத்திரை வயதைக் காட்டாது. நியூபெரி 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான நூல்களைப் பார்க்கிறது, பிரின்ட்ஸ் 12 முதல் 18. எனவே நியூபெரி வாங்கிய ஒன்று 9 வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கலாம், 13க்கு ஏற்றதாகவும் இருக்கலாம். 2022இல் வாங்கிய 'தி லாஸ்ட் குவென்டிஸ்டா'வில், பூமியை விட்டுத் தப்பும் விண்கலத்தில் நூற்றாண்டுகள் தூங்கி எழும் சிறுமிக்கு மட்டும் பழைய நினைவுகள் அழியாமல் இருக்கின்றன, குடும்பத்தையே இழந்திருக்கிறாள். உங்கள் மகள் இதற்கு 12, 13 வயது வரை காத்திருக்கலாம்.

ஏடுதூக்கி எழுதியது:

தமிழுக்கு நான் வருகிறேன். இளையோர் நாவல் தமிழில் இப்போது நன்றாகவே வந்துகொண்டிருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் 2010இலிருந்து கொடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலின் அண்மை ஆண்டுகளைப் பார்த்தாலே தேடல் பாதி முடிந்தது, ஆனால் அதில் சிறுகதைத் தொகுப்புகளும் உண்டு, நாவல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025இல் விருது). அடுத்து யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020இல் விருது). இரண்டாவது, பிள்ளைகள் மீதான பாலியல் தொல்லையைப் பேசுகிறது. பேசும் மரப்பாச்சி பொம்மை வழியாகச் சொல்வதால் பயமுறுத்தாமல் போய்ச் சேரும். 11 வயதுக்கு மிகவும் தேவையான புத்தகம் என்பேன். நீங்களும் படித்து வையுங்கள், அவளே வந்து பேசக்கூடும். மகனுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023இல் விருது). கீழடியைக் களமாகக் கொண்டது, வரலாற்றில் ஆர்வம் இருந்தால் பிடித்துக்கொள்வான்.

மகன் மெதுவாகப் படிக்கிறான் என்றீர்களே, காரணத்தை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு பத்தியை அவன் மௌனமாகப் படிக்கட்டும், பிறகு அடுத்த பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கேட்கும்போது எளிதாகப் புரிந்து, கண்ணால் படிக்கும்போது திணறினால், அவனுக்குச் சொல் தெரியும், எழுத்துக்கூட்டும் வேகம்தான் குறைவு. அப்படியானால் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று மாற்றி மாற்றிப் படியுங்கள். இரண்டு அத்தியாயத்துக்குள் ஆசிரியரின் நடை காதில் ஏறிவிடும், கண் தானாக வேகம் பிடிக்கும். கேட்டாலும் புரியவில்லை என்றால்தான் சொல்வளச் சிக்கல். அப்போது இன்னும் எளிய புத்தகத்துக்கு இறங்குங்கள்.

வரிக்குவரி சொன்ன விரல் சோதனையைத் தமிழில் அப்படியே செய்யக் கூடாது. 'நடந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்ற சொல்லில் பிள்ளை தடுக்கினால் அது தெரியாத சொல் அல்ல, 'நட' அவனுக்குத் தெரியும், ஒட்டுகள் நீண்டுவிட்டன, அவ்வளவுதான். அடிச்சொல் தெரியாததற்கு மட்டும் விரல் மடக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பக்கத்தில் சொல் எண்ணிக்கையும் குறைவு, எனவே மூன்று விரலே வரம்பு.

கடைசிப்பக்கம் எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன் அக்கா. ஹாலி ஜாக்சன் தொடரை வாங்கும்போது பாகங்கள் எல்லாம் ஒரே நாட்டுப் பதிப்பாக இருக்கட்டும். பிரிட்டிஷ் பதிப்பில் கதை லிட்டில் கில்டன் என்ற ஊரில் நடக்கிறது, அமெரிக்கப் பதிப்பில் அதையே கனெக்டிகட் மாநிலத்து ஃபேர்வியூ ஆக்கிவிட்டார்கள். முதல் பாகம் அங்கே, இரண்டாம் பாகம் இங்கே என்று கலந்து வாங்கினால், ஊர்ப்பெயரே மாறியிருப்பதைப் பார்த்து, துப்பறியும் பையன் அதையும் ஒரு துப்பு என்று நினைத்துக் குழம்பிப்போவான். 'தி வைல்ட் ரோபாட்', 'நியூ கிட்' இரண்டும் மூன்று மூன்று பாகங்கள், அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. முதல் பாகம் பாதி தாண்டியதும் இரண்டாவதை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். முடித்த அன்றே அடுத்தது கையில் இல்லையென்றால் சூடு ஆறிவிடும்.